வாடைக்கடலுக்குப் போகுமுன் டேங்க் அடியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குமரி மேற்குக் கரையில் ஜூன், ஜூலை தடைக்காலத்தில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறோம். அந்த வேலை வாடைக்காலம் (வடகிழக்குப் பருவமழைக் காலம்) வரை தாங்கும் என்று நினைப்பது தவறு. ஆகஸ்டிலிருந்து நிரப்பிய டீசலின் கசடும் தண்ணீரும் டேங்க் அடியில் படிந்து கிடக்கும். அமைதியான கடலில் அது தெரியாது. நவம்பர் அலையில் படகு உருளும்போது அத்தனையும் கலங்கி ஃபில்டருக்கு வரும். இன்ஜின் இழுக்காமல் திணறி நின்றுவிடும். நடுக்கடலில் பல இன்ஜின்கள் நிற்பது இதனால்தான். பழி மட்டும் மெக்கானிக்குக்கு.

தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, கிளம்புவதற்கு முந்தின நாளே டீசல் நிரப்பி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். காலையில் இன்ஜினைத் தொடுமுன் டேங்க் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். அதற்குமேல் பழுப்பாகக் கொழகொழவென்று படலம் இருந்தால் டேங்கைக் கழுவியே ஆக வேண்டும். மருந்து ஊற்றுவதால் மட்டும் தீராது. அந்தப் படலம் டீசலில் வளரும் நுண்ணுயிர்; மருந்தில் செத்தாலும் ஃபில்டரைத்தான் அடைக்கும். நன்றாகக் காற்றோட்டம் விட்ட பிறகே உள்ளே ஆள் இறங்க வேண்டும்.

ஒற்றை ஃபில்டர் போதாது. இரண்டு பொருத்தி நடுவில் மாற்று வால்வு வைத்தால், இன்ஜினை நிறுத்தாமலே அடைத்ததைக் கழற்றலாம். உதிரி ஃபில்டர் அரை டஜனாவது இருக்கட்டும். மாற்றியபின் டீசல் லைனில் உள்ள சிறு கை பம்பை அடித்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, டிரைவர் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில், கயிறு சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்டில் சொட்டுகிறது என்று முழுக்க முறுக்கிவிடுகிறார்கள். ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால்தான் கயிறு குளிரும். முறுக்கினால் கயிறு கருகி, ஷாஃப்டில் கோடு விழுந்து, பிறகு எப்படி முறுக்கினாலும் ஒழுகும். புதுக் கயிறு போடும்போது வளையங்களின் மூட்டுகள் ஒரே நேராக வரக்கூடாது.

படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்க இன்ஜின் பெல்ட்டில் ஓடும் பம்ப், இன்ஜின் நின்றால் தானும் நிற்கும். ஆகவே பேட்டரி பம்ப் ஒன்று, கையால் இறைக்கும் பம்ப் ஒன்று கட்டாயம். வலை நூலும் மரத்தூளும் பம்ப் வாயை அடைக்கும். முதலில் படகின் அடியைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள். விஎச்எஃப் என்னும் வானொலித் தொடர்புக் கருவிக்குத் தனி பேட்டரி வைத்து, அதை வீல்ஹவுஸில் உயரமாகக் கட்டுங்கள். தண்ணீர் முதலில் நிறைவது இன்ஜின் அறையில்தான்.

மேல்தளத்து டீசல் கேன்களை முதலில் காலி செய்யுங்கள். மேலே பாரம் கூடினால் படகு சாய்ந்த பக்கத்திலிருந்து நிமிரத் தாமதிக்கும். தளத்தில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை வலையோ கேனோ மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்றுவிட்டால் அணியத்திலிருந்து (படகின் முன்முனை) கடல் நங்கூரம், அதாவது தண்ணீரில் விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும் துணிக்கூம்பு, விட வேண்டும். இல்லையென்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும்.

2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கிப் புயலானது. தொலைவில் இருந்த படகுகளுக்கு விஎச்எஃப் எட்டாது. கடலில் வைத்து எதையும் சரிசெய்ய அவகாசம் இருக்கவில்லை. எனவே மீன்வளத்துறை அக்டோபரில் துறைமுகங்களிலேயே, தடைக்காலச் சோதனைக்கு அடுத்து, இரண்டாவது சோதனை நடத்த வேண்டும். காகிதங்களோடு டேங்க் வடிகுழாய், தண்ணீர் இறைக்கும் கை பம்ப், கடல் நங்கூரம் மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகே தங்குகடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) தரட்டும்.

விசைப்படகு இன்ஜின் பழுதுபார்ப்போர்,
குளச்சல்.