பம்பருக்குள் ஒரு ரேடார் இருக்கிறது: சுங்கை சிப்புட் பட்டறைக்காரர்களுக்குத் திறந்த மடல்

பட்டறை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத பின்மூலையில் வண்டி வந்தால் பக்கக் கண்ணாடியில் விளக்கு எரிந்து சொல்லும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கைக்காகக் கூடுதலாகச் சில ஆயிரம் ரிங்கிட் கொடுக்கலாமா என்று கார் வாங்குகிறவர்கள் உங்களிடம்தான் கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்றே சொல்லுங்கள். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நமக்கு இடது பின்மூலை சரியாகத் தெரியாது. மோட்டார் சைக்கிள்கள் நுழைவதும் அந்தப் பக்கமாகத்தான். மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். இந்த வசதியுள்ள கார்களில், தடம் மாறும்போது காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 23 விழுக்காடு குறைவு என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது.

பக்கக் கண்ணாடியைச் சரியாக வைப்பதற்குக் காசே வேண்டாம். தலையை வலது சன்னலோரம் சாய்த்து, காரின் பக்கம் மயிரிழையளவு தெரியும்வரை வலது கண்ணாடியைத் திருப்ப வேண்டும். இடது கண்ணாடிக்குத் தலையைக் காரின் நடுப்பக்கம் சாய்க்க வேண்டும். இதையும் சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் கவலை பின் பம்பர்தான். பெரும்பாலான கார்களில், பின்னால் வரும் வண்டியை ரேடியோ அலையால் கண்டுபிடித்து இந்த எச்சரிக்கையைத் தரும் ரேடார் அதன் இரு மூலைகளுக்குள்ளும் இருக்கிறது. 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அதனால் முன்னால் உள்ள அடுக்கின் தடிமனே அதைக் கெடுத்துவிடும். அந்த இடத்தில் புட்டி பூசாதீர்கள். பழைய சாயத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் அடிக்காதீர்கள். மெட்டாலிக் சாயத்தில் உள்ள உலோகத் துகள் அலையைத் திருப்பிவிடும். ஸ்டிக்கரும் வேண்டாம். மூலையில் வெடித்த பம்பரை ஒட்டுவதைவிடப் புதிது மாட்டுவதே சரி.

பம்பரைக் கழற்றியதும் ரேடார் பிடிச்சட்டத்தைப் பாருங்கள். அது 3 பாகை திரும்பியிருந்தாலே 20 மீட்டர் பின்னால் பார்வை 1 மீட்டர் விலகிவிடும். விலகிய ரேடார் பக்கத்துத் தடத்தில் வருகிறவனை விட்டுவிடும், இல்லாவிட்டால் இரும்புத் தடுப்பைக் கண்டு கத்தும். கத்திக்கொண்டே இருந்தால் ஓட்டுநர் அணைத்துவிடுவார். அதற்கப்புறம் அது இருந்தும் பயனில்லை.

செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓடும் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், முதலில் மூலைகளில் ஒட்டிய செம்மண் சேற்றைக் கழுவிவிட்டு, பழுதைக் காட்டும் கருவியை இணைத்து ஸ்கேன் போடுங்கள். சாவி போட்டதும் கண்ணாடி விளக்கு மின்னுவதை வைத்து எல்லாம் சரி என்று காரைக் கொடுத்துவிடாதீர்கள். பல்பு எரிகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. இருதடச் சாலையில் ஓட்டி, இரு பக்கமும் வண்டி வரும்போது விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

ரேடாரின் கோணத்தைக் கருவி வைத்துச் சரிசெய்யும் அளவுதிருத்தச் செலவைக் காப்புறுதி மதிப்பீட்டாளரிடம் முதலிலேயே கேளுங்கள். அதற்கான கருவி உங்களிடம் இல்லையென்றால், சேவை மையத்துக்குப் போகும்படி பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.