ஊர் வரலாற்றுப் பதிவுக் குழுவினருக்கு: பெரியவர்களை மறுபடி கேளுங்கள்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஊர்ப் பொது மண்டபமான டேவானில், பெரியவர்களின் தோட்டத்து நினைவுகளைச் சேர்க்க நீங்கள் நடத்திய முதியோர் பதிவு நாளைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலைக்கு மேல் காற்றாடி, மேசையில் ஒரு கைப்பேசி, ஆளுக்குப் பத்து நிமிடம். கேட்டவரும் தமிழர், சொன்னவரும் தமிழர், கேள்வி மட்டும் மலாயில். பொன்னாடைக்குக் குறைவில்லை.

ஒரே ஒரு பதிவைத் திரும்பக் கேளுங்கள். தொண்ணூறு கடந்த ஒரு பாட்டி, போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் தன் அப்பாவைச் சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) ரயில் பாதை போடப் பிடித்துப்போனதைச் சொல்கிறார். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் வாசித்தது, லோரியில் ஏற்றியது வரை தட்டுத்தடுமாறி மலாயில் வருகிறது. பிறகு தமிழுக்கு மாறி, “அப்பத்தான் அம்மா ஒரு காரியம் செஞ்சாங்க” என்கிறார். மணி அடிக்கிறது. அடுத்தவர் வந்து உட்காருகிறார். 1943 வாக்கில் போனவர்கள் சயாமின் பான்போங்கில் இறங்கிக் காட்டுக்குள் நடந்ததைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பாட்டியின் அம்மா என்ன செய்தார் என்பதைப் பாட்டி சொன்னால்தான் உண்டு.

வீட்டுக்குப் போய், தமிழில், மறுபடி பதிவு செய்யுங்கள்.

காலையில் போங்கள், சாயங்கால மழை தகரக் கூரையில் விழுந்தால் ஒரு சொல்லும் தேறாது. காற்றாடியையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். (பிரிட்ஜை மறுபடி போட மறந்துபோகும், கார் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள்.) சட்டையில் குத்தும் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும், முந்தானையும் சங்கிலியும் உரசக்கூடாது. ஒருவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதியுங்கள். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். மோனோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பிதான். மூன்று பிரதி எடுத்து ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். வாட்சப் குரல்பதிவு ஒலியைச் சுருக்கிவிடும். அதைப் பிரதியென்று எண்ணாதீர்கள்.

ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்தி, மறுவாரம் திரும்பப் போங்கள். மறந்த பெயர்கள் அப்போதுதான் வரும். ‘அந்தக் காலம் எப்படி?’ என்று கேட்டால் ‘கஷ்டம்தான் ஐயா’ என்று முடிந்துவிடும். பெரட்டு (விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு, ஒட்டுப்பாலுக்கு (மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ரப்பர் பாலுக்கு) தனிக் கணக்கா என்று கேளுங்கள். பேச்சு நின்றால் நீங்களும் பேசாமல் இருங்கள். பக்கத்திலிருக்கும் மகன் பதில் சொல்ல ஆரம்பித்தால் தேநீர் வாங்க அனுப்பிவிடுங்கள்.

மலாய்ப் பாரத்தை நீட்டிக் கைரேகை வாங்கினீர்களே, அது ஒப்புதலா? 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டையோடு) வேலை பெர்மிட்டுக்கு அலைந்த கதையை எல்லாருமே ஊரறியச் சொல்ல விரும்பமாட்டார்கள். இப்போதே வெளியிடலாமா, தன் காலத்துக்குப் பிறகா, குடும்பத்துக்கு மட்டுமா என்று தமிழில் படித்துக் காட்டிக் கேளுங்கள்.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோதும், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோதும், லயத்தை இடித்துத் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டியபோதும் இவர்களை யாரும் கேட்கவில்லை. பெரட்டு மணிக்கே எழுந்து பழகியவர்களை நீங்களும் மணியடித்து எழுப்பிவிட்டீர்கள். விருந்தில் போட்ட காணொளியில் அவர்கள் குரலுக்கு மேல் வயலின் ஓடியது. வாயசைவு நன்றாகத் தெரிந்தது.

கடுமைக்குப் பொறுத்தருளுங்கள். அந்தப் பாட்டி வீட்டுக்கு முதலில் போய், தமிழில், மறுபடி பதிவு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். மைக்கும் ஹெட்போனும் வேண்டுமானால் இரவல் தருகிறோம்.

இப்படிக்கு,
ஊர்க்காரர்கள் சிலர்