மரம் இல்லாத சேணத்துக்கும் அளவு பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை, இருக்கிற நாங்களும் ஒருவரையொருவர் ஓரளவு தெரிந்தவர்கள்தான், அதனால் யாராவது புதிதாக ஒரு சாமான் வாங்கினால் அந்தக் கதை கெதியாக எல்லோர் காதுக்கும் வந்துவிடும். இப்போது பேச்செல்லாம் மரம் இல்லாத சேணத்தைப் பற்றித்தான். சுவிஸிலோ ஜேர்மனியிலோ இருக்கிற சொந்தக்காரர் பெட்டியில் போட்டு அனுப்புகிறார், இல்லாவிட்டால் கொழும்பில் யாரோ பாவித்ததை வாங்குகிறார்கள். கூடவே ஒரு வார்த்தையும் வந்து சேர்கிறது: "இது எந்தக் குதிரைக்கும் பொருந்தும், அளவு பார்க்கத் தேவையில்லை, போட்டு இறுக்கிவிட்டு ஏறலாம்." சேணம் நல்லது, நானும் அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் இந்த வார்த்தையை நம்பினால் குதிரையின் முதுகு கெட்டுப்போகும், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

குதிரையோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சாதாரணச் சேணத்தின் தோலுக்குள்ளே விறைப்பான ஒரு கூடு இருக்கும். முன்பு அது மரம், இப்போது பிளாஸ்டிக், கண்ணாடியிழை, உருக்குத் தகடு என்று பலவிதமாக வருகிறது. இந்தக் கூடு இல்லாததைத்தான் மரம் இல்லாத சேணம் என்கிறோம். அந்தக் கூட்டுக்கு இரண்டு வேலை. ஏறியிருப்பவரின் பாரத்தை முதுகெலும்புக்கு இரு பக்கமும் உள்ள நீளமான தசைகளின் மேல் பரப்பிவிட வேண்டும், நடுவில் முதுகெலும்பு எதிலும் முட்டாதபடி ஒரு இடைவெளி விட வேண்டும். கூடு குதிரைக்கு ஒடுக்கமாக இருந்தால் இரண்டு பக்கமும் கிள்ளும், அகலமாக இருந்தால் சேணம் கீழே இறங்கி எலும்பிலேயே உட்கார்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒரே சேணத்தை நாலைந்து குதிரைகளுக்கு மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நுவரெலியா ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வாகி வந்த குதிரைக்குப் பிடரி முடிகிற இடத்தில் எலும்பு உயர்ந்து கூராக நிற்கும், மட்டக் குதிரைக்கோ முதுகு உருண்டு தட்டையாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே கூடு எப்படிப் பொருந்தும்? போதாததற்கு, ஓகஸ்ட் செப்டெம்பரில் புல் கருகும்போது மெலிகிற முதுகு, மழைக்குப் பிறகு மேய்ச்சல் கிடைத்ததும் மறுபடி சதை போடும். இந்த மாற்றத்துக்கெல்லாம் வளைந்து கொடுக்கும் என்பதற்காகத்தான் மரம் இல்லாத சேணத்தை விரும்புகிறோம், அதில் பிழை இல்லை.

ஆனால் கூட்டை எடுத்துவிட்டால் அது செய்த வேலையை யார் செய்வது? இதைத்தான் விற்கிறவர் சொல்வதில்லை. மனிதன் உட்காரும்போது பாரம் முழுக்க இரண்டு இருக்கை எலும்புகளின் கீழ் இறங்குகிறது, கூடு இல்லாத இடத்தில் அது அப்படியே குதிரையின் நடுமுதுகில் குத்தும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலரி கிளேட்டனும் மற்ற ஆய்வாளர்களும் இரண்டு வகைச் சேணத்தையும் போட்டு, ஆள் அமர்ந்திருக்கக் குதிரையை ஓடவிட்டு, முதுகில் விழும் அழுத்தத்தை அளந்து 2012 இல் வெளியிட்டார்கள். கூடு உள்ள சேணம் பாரத்தைக் கூடுதலான பரப்பில் விரித்தது, கூடு இல்லாததில் நடுப்பகுதியில் அழுத்தம் குவிந்தது. கால் வைக்கிற அங்கவடியின் வார் தொங்குகிற இடமும் அப்படித்தான், எழும்பி எழும்பி ஓட்டுகிறவர் என்றால் அந்த இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுவை விழும்.

இதற்கு மருந்து அடிமெத்தை. மரம் இல்லாத சேணத்தில் பாதி வேலை சேணத்தினுடையது, மீதிப் பாதி அதன் கீழே போடுகிற மெத்தையினுடையது. முதுகெலும்புக்கு இரு பக்கமும் தடிப்பான இரண்டு திண்டு, நடுவில் நாலு விரல் அகலத்துக்கு எதுவுமே இல்லாத ஒரு வாய்க்கால், முன்னிருந்து பின் வரை. அவ்வளவுதான். ஆனால் பெட்டியில் பெரும்பாலும் இந்த மெத்தை வருவதில்லை, அதைத் தனியாக வாங்க வேண்டும், விலையும் கூட. அதனால் என்ன செய்கிறார்கள் என்றால் பழைய கம்பளியையோ படுக்கை விரிப்பையோ நாலாக மடித்துப் போட்டுவிட்டு மேலே சேணத்தை வைக்கிறார்கள். மடித்த துணி நேராக முதுகெலும்பின் மேலேதான் தடித்து நிற்கும். அதற்கு மேல் ஒரு ஆள் ஏறினால் நடக்கப்போவதை நான் சொல்லத் தேவையில்லை. கல்குடாப் பக்கத்தில் ஒரு குதிரையின் முதுகை அண்மையில் பார்த்தேன், நடு எலும்பின் மேலே வரிசையாக மூன்று புண். சொந்தக்காரர் கொடுமைக்காரர் அல்ல, குதிரைக்குச் சுகமாக இருக்கட்டும் என்று செலவழித்துத்தான் புதுச் சேணம் வாங்கியிருந்தார்.

மெத்தை தைப்பது பெரிய வேலை இல்லை. என்னுடைய குதிரைக்குக் காத்தான்குடியில் ஒரு தையற்காரரிடம் கன்வஸ் துணியில் தைப்பித்தேன், பக்கத்துக்கு ஒரு பையாக, உள்ளே வைப்பதை எடுத்து மாற்றக்கூடிய மாதிரி. உள்ளே என்ன வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். சாதாரண மெத்தை ஸ்பொஞ்ச் உதவாது, ஆள் ஏறியதும் கடதாசி மாதிரி தட்டையாகிவிடும். இறுக்கமான, தண்ணீர் உறிஞ்சாத ஸ்பொஞ்ச் அல்லது அழுத்திய கம்பளி உரோமம் வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம்: ஒரு பக்கம் பெருவிரலால் நன்றாக அழுத்தும்போது மறுபக்கம் வைத்த கையில் அந்த விரல் தெரிந்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

பொருத்துகிற முறைக்கு வருகிறேன். முதலில் மெத்தையும் இல்லாமல் வெறும் சேணத்தை முதுகில் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் தோள்பட்டை எலும்பின் பின் விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் முன்னங்காலைத் தூக்கி முன்னுக்கு நீட்டிப் பிடித்தால் அந்த எலும்பு பின்னுக்கு வருவது கையிலேயே தெரியும், அது எதுவரை வருகிறதோ அதற்கும் பின்னால்தான் சேணத்தின் முன்பக்கம் நிற்க வேண்டும். பிறகு கடைசி விலா. குதிரைக்கு ஒரு பக்கத்தில் 18 விலா எலும்பு, கடைசி விலாவைக் கீழிருந்து மேலே தடவிக்கொண்டு போனால் முதுகில் எங்கே சேருகிறது என்று தெரியும், ஆள் அமருகிற பகுதி அதைத் தாண்டக்கூடாது. சின்ன மட்டக் குதிரைக்குப் பெரிய ஆள் சைஸ் சேணம் போட்டால் நிச்சயம் தாண்டும், அந்தக் குதிரைக்கு அந்தச் சேணமே சரிவராது, மெத்தையால் அதைத் திருத்த முடியாது.

இனி மெத்தையோடு போட்டு, ஆளையும் ஏற்றிவிட்டு, பிடரிப் பக்க எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் கையை விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போக வேண்டும். ஆள் இல்லாமல் பார்த்தால் எல்லாச் சேணமும் பொருந்தும். என் குதிரை பந்தயத்தில் ஓடிய இனம், எலும்பு உயரம், அதனால் முன்பக்கப் பையில் மட்டும் இன்னும் தடிப்பான துண்டு வைத்த பிறகுதான் இடைவெளி கிடைத்தது.

வயிற்றுப்பட்டியை உயிர் போகிற அளவுக்கு இறுக்குவதையும் விட வேண்டும். கூடு இல்லாத சேணம் தரையிலிருந்து ஏறும்போது ஒரு பக்கம் உருளும், அது உண்மை, அதைத் தடுக்கத்தான் இறுக்குகிறார்கள். எதன் மேலாவது நின்று ஏறினால் அந்தப் பிரச்சினையே இல்லை. அம்பாறைப் பக்கம் வயல் வரம்புக்கு என்ன குறை, கடற்கரையில் என்றால் ஒரு மரப்பெட்டி போதும். பட்டிக்குள் விரித்த கை போய் வர வேண்டும். அப்புறம் உப்புத் தண்ணீரில் நனைந்த பட்டியை நல்ல தண்ணீரில் அலசாமல் மறுநாள் போட்டால், முன்னங்கால் இடுக்கில் மணல் அராவிப் புண் வரும்.

முதல் சில நாட்கள் மெத்தையின் கீழே வெள்ளைத் துணி ஒன்று போட்டு ஓட்டுங்கள். அழுக்குப் படிகிற விதத்திலேயே எங்கே அழுத்துகிறது என்று தெரிந்துவிடும். சேணத்தைக் கழற்றியதும் வியர்வையைப் பாருங்கள். எங்கள் வெயிலில் முதுகு முழுக்க நனைந்துதான் இருக்கும், நடு வாய்க்கால் காய்ந்திருப்பது நல்லது. திண்டு இருந்த இடத்தில் உள்ளங்கையளவு ஒரு துண்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே ஒன்றில் அளவுக்கு மிஞ்சி அழுத்துகிறது, அல்லது தொடவே இல்லை. மறுநாள் காலையில் விரல் நுனியால் முதுகெலும்பின் இரு பக்கமும் அழுத்திக்கொண்டு போங்கள். முதுகைக் கீழே தாழ்த்துகிறதா, காதைப் பின்னால் மடிக்கிறதா, வாலை வீசுகிறதா? அதுதான் குதிரை தருகிற முறைப்பாடு. கவனிக்காமல் விட்டால் பிறகு அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும், அது முளைத்த பிறகு பார்த்து என்ன பயன்.

இனி பாரம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2008 இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் குதிரைகளை அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 வீதம் சுமக்கவைத்துப் பார்த்தபோது, 25 க்கும் 30 க்கும் போனதும் தசை நோவும் இறுக்கமும் கூடின. அதனால்தான் ஆளும் சேணமும் சேர்த்து 20 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். எடை மெஷின் இல்லாவிட்டாலும் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பின் பின்முனை வரைக்குமான நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட எத்தனை கிலோ என்று வரும். சுற்றளவு 140, நீளம் 145 உள்ள மட்டக் குதிரை ஏறக்குறைய 239 கிலோ. அது சுமக்கக்கூடியது 48 கிலோவுக்குள், சேணத்தையும் சேர்த்து. அதன் மேல் தொண்ணூறு கிலோ ஆளை ஏற்றிப் படம் எடுக்கிறோம், அல்லது தகப்பனையும் பிள்ளையையும் சேர்த்தே ஏற்றுகிறோம். கூடு இல்லாத சேணத்தில் பாரமான ஆள் ஏறுவது இன்னும் மோசம், பாரத்தைப் பரப்ப உள்ளே எதுவும் இல்லையே.

மாரி தொடங்கினால் மெத்தை காய்வதே பெரும்பாடு. நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் இரண்டு மெத்தையாவது கைவசம் வேண்டும், ஈரமானதைப் போட்டால் தோல் அழுகும்.

எங்கள் அரச கால்நடை வைத்தியர்கள் மாடு, ஆடு, கோழி என்று ஓய்வில்லாமல் ஓடுகிறவர்கள், குதிரையை அவர்கள் காண்பதே அரிது என்பது தெரியும். இருந்தாலும் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தின் உதவியோடு, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆண்டுக்கு ஒரு நாளாவது குதிரைகளின் முதுகைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யலாம். மிருகவதையைத் தடுக்க 1907 ஆம் ஆண்டிலிருந்து எங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறது, புண் உள்ள முதுகில் சேணம் ஏற்றுவதைப் பார்த்தால் பொலிசில் சொல்ல யாரும் தயங்கத் தேவையில்லை. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ குதிரைச் சவாரிக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம் பிரதேச சபை இரண்டு விடயங்களைக் கேட்கட்டும்: குதிரையின் எடை எவ்வளவு, அதற்கு 20 வீதம் எவ்வளவு. அந்த இரண்டாவது எண்ணைப் பெரிதாக எழுதிய பலகை ஒன்று, பயணி காசு கொடுக்கிற இடத்திலேயே நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர்,
வாழைச்சேனை