பொருள்: ஒரு கேபிளில் முடிய வேண்டிய வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு விற்றது குறித்த புகார்

சிவகாசி
25.08.2025

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

அய்யா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் உங்கள் இணையதளத்துப் புகார்ப் பெட்டியில் போட்டேன். நான்குக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை அய்யா, 4,200 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன்.

நீங்கள் விற்ற பொருளைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. நீலப் பெட்டியில் வரும் அந்த ஜிடி 710, மானிட்டருக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு, சின்ன ஸ்லாட்டில் செருகுகிற மாடல். ஜூலை 19 அன்று உங்கள் விற்பனை எண்ணுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் சொல்லித்தான் வாங்கினேன். என்னிடம் இருப்பது பழைய கோர் 2 டியோ கம்ப்யூட்டர், ஜி41 மதர்போர்டு, பெரிய ஸ்லாட்டில் ஏற்கெனவே ஜிஃபோர்ஸ் 210 கார்டு இருக்கிறது, விண்டோஸ் 10 ஓடுகிறது, இன்னொரு மானிட்டர் மாட்ட வேண்டும் என்றேன். உங்கள் ஆள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒரு கார்டுக்கு ஒரு மானிட்டர்தான் சார். இதையும் வாங்கிப் பக்கத்துல போடுங்க, ரெண்டும் ஒரே கம்பெனி சிப்பு, பிரச்சினையே வராது" என்றார். அந்தப் பேச்சு உங்களிடம் பதிவாகி இருக்கும். போட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது மானிட்டர் எனக்கு ஆடம்பரம் இல்லை. கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வது என் தொழில். ஒரு திரை என் பக்கம், இன்னொன்று வாடிக்கையாளர் பக்கம். குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து, பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்கு மேலே இருக்கிறதா, இனிஷியல் சரியா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே வேலை குவிந்துவிடும். அதற்குள் தயாராக வேண்டும் என்றுதான் அவசரப்பட்டேன்.

கார்டு 23ஆம் தேதி வந்தது. செருகினேன். புதுக் கார்டின் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருளைப் போட்டால் புது மானிட்டரில் படம் வந்தது, பழையது கறுத்தது. பழைய கார்டின் டிரைவரைத் திரும்பப் போட்டால் பழையதில் படம் வந்தது, புதுக் கார்டு வேலை செய்யவில்லை என்று விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் பட்டியலில் மஞ்சள் முக்கோணம், கோட் 43. அன்று இரவு இரண்டு மணி வரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். உங்கள் உதவி எண்ணில் மூன்று நாளில் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒருவர் விண்டோஸையே புதிதாகப் போடச் சொன்னார். மூன்றாமவர் கம்ப்யூட்டர் எழும்பும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்குக்குள் போய் "மல்டி மானிட்டர்" என்ற வரியை எனேபிள் செய்தால் போர்டின் சொந்த விஜிஏவும், அதாவது போர்டிலேயே இருக்கும் மானிட்டர் இணைப்பும் சேர்ந்து வேலை செய்யும் என்றார். என் போர்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. எந்தக் கார்டை முதலில் எழுப்ப வேண்டும் என்று கேட்கும் "இனிட் டிஸ்ப்ளே ஃபர்ஸ்ட்" மட்டும்தான் இருக்கிறது. தனிக் கார்டு செருகினால் சொந்த விஜிஏ தானாக அணைந்துவிடும். இதைச் சொன்னதும் "அப்போ மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க" என்றார்.

கொண்டு போனேன். கேபினெட்டைக் கட்டைப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பஸ் பயணம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஜூலை 29, ஆகஸ்ட் 5, ஆகஸ்ட் 12.

அந்த ஆகஸ்ட் 5ஐத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முதல் தடவை இருந்தவர் மரியாதையானவர். கார்டைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தங்க நிறப் பற்களைத் தேய்த்து, ஒரு மானிட்டரை மட்டும் மாட்டிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று கொடுத்துவிட்டார். வேலை தெரியாது, ஆனால் தண்ணீர் கொடுத்தார். இரண்டாம் தடவை கவுன்டரில் இருந்த தம்பி, கட்டைப்பையைத் திறந்து பார்த்ததுமே பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். "சார், இது காயலான் கடைக்குப் போட வேண்டிய சிஸ்டம். இதுல ரெண்டு மானிட்டர் கேக்குதா உங்களுக்கு?" என்றார். என் பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

அய்யா, எனக்கு வயது 51. இந்தக் காயலான் கடைச் சாமான்தான் என் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தது. அந்தத் தம்பி பிறந்த பத்திரிகைகூட இதுபோல ஒரு கம்ப்யூட்டரில்தான் அடித்திருப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள், கோபத்தில் எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆட்கள் யாருக்கும் தெரியாததை, பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கும் என் அக்கா மகன் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டான். சிப் ஒரே கம்பெனிதான், ஆனால் தலைமுறை வேறு. 210க்குக் கடைசி டிரைவர் 342.01, 2016 டிசம்பரில் வந்தது, அதோடு சரி. 710க்கான டிரைவருக்கு 210 என்றால் யார் என்றே தெரியாது. ஒரே கம்பெனியின் இரண்டு டிரைவர்களை ஒரே விண்டோஸில் சேர்த்து ஓட்ட முடியாது. வேடிக்கை என்னவென்றால், வேறு கம்பெனி சிப் கார்டாக இருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ஓடியிருக்குமாம். விண்டோஸ் 7க்கு முந்தைய விஸ்டாவில்தான் அதற்குத் தடை, விண்டோஸ் 7 வந்தபோதே எடுத்துவிட்டார்கள். பங்காளிகளுக்குள்தான் ஒத்துவராது போலிருக்கிறது. "ஒரே கம்பெனி சிப்பு, பிரச்சினையே வராது" என்று உங்கள் ஆள் சொன்னாரே, பிரச்சினையே அதுதான்.

அதோடு விட்டானா? கேபினெட்டின் பின்பக்கத்தைத் துடைத்துப் பார்த்து, "மாமா, பழைய கார்டுலயே எச்டிஎம்ஐ ஓட்டை ஒண்ணு சும்மா கெடக்கே" என்றான். பத்து வருடத் தூசி அடைத்திருந்தது. 210 ஒரே நேரத்தில் இரண்டு மானிட்டரை ஓட்டும் கார்டு அய்யா! கார்டின் விஜிஏ ஓட்டையில் பழைய மானிட்டர், எச்டிஎம்ஐ ஓட்டையில் புதியது. உங்கள் கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, 280 ரூபாய்க்கு ஒரு கேபிள் வாங்கி மாட்டினேன். விண்டோஸ் பட்டனையும் P எழுத்தையும் சேர்த்து அழுத்தி "எக்ஸ்டெண்ட்" கொடுத்தேன். இரண்டு திரையிலும் படம் வந்தது.

எனக்கும் அது தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். என் வேலை பத்திரிகை அடிப்பது. கார்டு விற்பது உங்கள் வேலை. மாடல் எண்ணைச் சொல்லித்தானே கேட்டேன்?

இது தெரிந்தது ஆகஸ்ட் 14 அன்று. அதற்கு முன்பே நஷ்டம் நடந்துவிட்டது. திரை இல்லாததால் ஒரு பார்ட்டிக்கு ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். அவர்கள் மேலோட்டமாகப் பார்த்து ஓகே சொன்னார்கள். பெண்ணின் தாய்மாமன் பெயர் விட்டுப் போயிற்று. தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை எங்கள் பக்கம் எவன் கையால் வாங்குவான்? 500 பத்திரிகை, ஒன்று 22 ரூபாய், என் கைக்காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்த மாமன் கடைக்கே வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பதினெட்டு வருடம் சம்பாதித்த பெயர் ஒரே நாளில் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் எனக்கு மூன்று லட்சத்துக்குக் குறையாமல் நஷ்டம்.

ஆகஸ்ட் 12 பற்றிச் சொல்லவில்லையே. அன்று பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன். சீல் பிரித்தாயிற்று, பத்து நாள் தாண்டியாயிற்று, எடுக்க முடியாது என்றார்கள். சீல் பிரிக்காமல் கார்டை எப்படி மாட்டுவது? அந்தப் பத்து நாளில் பாதியை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லியே ஓட்டியது யார்? அன்றும் கவுன்டரில் அதே தம்பிதான். "மறுபடியும் வந்துட்டீங்களா" என்று கேட்டார்.

நல்ல முறையில் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். கார்டு விலை 4,200, திரும்ப அடித்த பத்திரிகைக்கு 11,000, மூன்று தடவை மதுரை போய் வந்த செலவு 900, மொத்தம் 16,100 ரூபாய். மூன்று லட்சம் கேட்கவில்லை. பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்வேன், அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் வருடச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அப்போது கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியது நீங்கள்தான். மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். தயவுசெய்து பணத்தை அனுப்பிவிடுங்கள்.

பில், சர்வீஸ் சென்டரில் தந்த மூன்று ஜாப் ஷீட், கேபிள் ரசீது, தாய்மாமன் இல்லாத பத்திரிகை ஒன்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். கார்டு அதே நீலப் பெட்டியில், அதே கவரில் பத்திரமாக இருக்கிறது. கூரியர் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நான் மதுரைக்கு வருவதாக இல்லை. பேச வேண்டுமென்றால் காலை பதினொரு மணிக்குமேல் கூப்பிடலாம். அந்தத் தம்பியை விட்டு மட்டும் பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பொறுமையாக இருந்த உங்கள் வாடிக்கையாளர்