காலியாகும் அரசுக் கட்டடங்களுக்குக் கெடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு பள்ளி வேறொரு பள்ளியுடன் இணைக்கப்பட்டு அதன் வளாகம் காலியாகும்போது, அந்தக் கட்டடம் அடுத்து யாரிடம் போகிறது, எத்தனை ஆண்டுகளுக்குப் போகிறது என்பது வட்டாரவாசிகளுக்குப் பெரும்பாலும் கடைசியாகத்தான் தெரியவருகிறது. 2019ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பை வழங்கும் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காக இணைக்கப்பட்டபோது நான்கு பெரிய வளாகங்களுக்கு மாற்றுப் பயன்பாடு தேட வேண்டியிருந்தது. பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே வரும் நாட்டில் இந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் எழும் என்பதால் இதைப் பற்றி எழுதுகிறேன்.

அரசாங்கத்தின் ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு நிலத்தைத் தரும்போது எதற்காகப் பணம் கைமாற வேண்டும் என்று நம்மில் பலர் கேட்கிறோம். பொது வீடமைப்பு குறித்து 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்திலும் இது பெரிதாகப் பேசப்பட்டது. அரசு நிலம் நாட்டின் கடந்தகால இருப்புநிதியின், அதாவது முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த சொத்தின், ஒரு பகுதி. ஆகவே பொது வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதை வாங்கும்போது, தலைமை மதிப்பீட்டாளர் நிர்ணயிக்கும் நியாயமான சந்தை விலையைச் செலுத்துகிறது. அந்தத் தொகை இருப்புநிதிக்கே திரும்புகிறது. அதன் முதலீட்டு வருமானத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்திற்கு வருவதால், இந்த ஏற்பாடு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இதே கணக்கைப் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆளில்லாத கட்டடம் வாடகை ஈட்டுவதில்லை. காவலுக்கும் பராமரிப்புக்கும் செலவு மட்டும் வைக்கிறது. நம் வெயிலிலும் மழையிலும் விரைவாகப் பாழடைகிறது. 1997இல் காலி செய்யப்பட்ட பழைய சாங்கி மருத்துவமனை அதற்குப் பிறகு நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது. (அது பேய்க் கதைகளுக்குப் பேர்போன இடமாகிவிட்டது தனிக் கதை.)

சொத்தைப் பொருத்தமான பொது அமைப்பிடம் ஒப்படைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே சான்றுகள் உண்டு. 2011 ஜூலை 1ஆம் தேதி மலேசியாவின் மலாயன் ரயில்வேயிடமிருந்து திரும்பக் கிடைத்த நிலத்தில், பழைய தண்டவாளத் தடத்தில் உருவான 24 கிலோமீட்டர் பசுமை நடைபாதை (ரயில் காரிடார்), இன்று தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் எல்லாருக்கும் பயன்படுகிறது. புவாங்கோக்கில் முன்னாள் மாணவர் விடுதி ஒன்று, குறைந்த வருமானமுள்ள தனியாட்களுக்கான வாடகை அறைகளாக மாற்றப்பட்டது. நிலத்தை விற்காமலேயே, புதிதாகக் கட்டாமலேயே, ஒரு சமூகத் தேவையை நிறைவுசெய்ய முடிந்தது.

எனக்குக் குறையாகத் தோன்றுவது, நிலம் மேம்பாட்டுக்குத் தேவைப்படும் வரை காலிக் கட்டடத்தை வாடகைக்கு விடும் இடைக்காலக் குத்தகையின் கால அளவு. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்தில் வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை நீண்ட காலத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்பது நியாயமே. ஆனாலும் பழைய பள்ளிக் கட்டடத்தை மூத்தோருக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையமாக மாற்ற மின்தூக்கி, சரிவுப் பாதை, சக்கர நாற்காலி நுழையும் கழிவறை, தீத்தடுப்பு வசதி எனப் பலவற்றைச் செய்ய வேண்டும். சில ஆண்டுகளில் காலி செய்ய நேரலாம் என்ற நிலையில் எந்த அறநிறுவனம் அவ்வளவு பணத்தைப் போடத் துணியும்? அதிக வாடகை கொடுக்கக்கூடிய வணிகக் குத்தகைக்காரர்தான் அந்த இடரை ஏற்க முன்வருவார்.

ஆகையால் அரசு நிலத்தையும் கட்டடங்களையும் நிர்வகிக்கும் சிங்கப்பூர் நில ஆணையத்துக்கு ஒரு வேண்டுகோள். காலியாகவிருக்கும் ஒவ்வொரு கட்டடத்தின் பெயரும், அந்த நிலம் எந்த ஆண்டளவில் மேம்பாட்டுக்குத் தேவைப்படும் என்ற மதிப்பீடும், காலியாவதற்கு முன்பே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் எந்தத் திட்டமும் உறுதியாகாவிட்டால், வணிக ஏலத்துக்கு விடுவதற்கு முன்னர், அவ்வட்டாரத்தில் சேவையாற்றும் பொது அமைப்புகளுக்கு முதல் வாய்ப்பு தரலாம். அப்போது சீரமைப்புச் செலவுக்கு ஏற்ற குத்தகைக் காலத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்பதையும் இந்தக் கட்டத்திலேயே செய்யலாம். பயன்பாடு முடிவான பிறகு நடத்தப்படும் கலந்துரையாடல்களில் வாகன நிறுத்துமிடத்தைப் பற்றி மட்டுமே பேச முடிகிறது.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்