குரோம்காஸ்ட் செத்துப்போகல, கடைக்குத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி இத படிங்க

நம்ம கடைக்கு வந்து போற எல்லாருக்கும் வணக்கம்.

குரோம்காஸ்ட் (போன், கம்ப்யூட்டர்ல ஓடற வீடியோவ டிவில காட்டறதுக்கு டிவில சொருகற சின்ன டிவைஸ்) பத்தி கொஞ்ச நாளா ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருது, "அண்ணே குரோம்காஸ்ட் செத்துப்போச்சு, கம்ப்யூட்டர்ல காட்டவே மாட்டேங்குது, மாத்திக் குடுங்க"ன்னு. வாங்கி கடை டிவில சொருகிப் பாத்தா ஜம்முனு ஓடுது. திருப்பிக் குடுத்தா நம்மள சந்தேகமா ஒரு பார்வை பாத்துட்டு போறீங்க, அதுக்காகத்தான் இந்த மடல்.

மொதல்ல உங்க போன்ல பாருங்க. வீட்டு வைஃபைல இருக்கற போன்ல யூடியூப் தொறந்து காஸ்ட் பட்டன (வீடியோவ டிவிக்கு அனுப்பற பட்டன்) அமுக்கினா டிவி பேரு வருதா? வந்துச்சுன்னா டிவைஸ் மேல பழி போடாதீங்க, தப்பு கம்ப்யூட்டர் பக்கம்.

இப்போ முக்கியமான விஷயம். ஃபைபர் கனெக்ஷன் குடுக்கறவங்க ஒரு மோடம் வெச்சுட்டு போவாங்க, அதுலயே வைஃபை இருக்கும். சிக்னல் பெட்ரூம் வரைக்கும் வரலைன்னு நீங்க தனியா ஒரு ரவுட்டர் வாங்கி அதுல மாட்டுவீங்க, சில பேர் ரெண்டுக்கும் ஒரே பேரு ஒரே பாஸ்வேர்டு வேற போட்டு வெச்சிருப்பீங்க. பேரு ஒண்ணா இருந்தா நெட்வொர்க் ஒண்ணாயிடாதுங்க, ஒரே வீட்டுல ரெண்டு உலை கொதிக்கிற கதைதான். கம்ப்யூட்டர் கேபிள்ல மோடத்தோட இருக்கு, குரோம்காஸ்ட் ரவுட்டரோட வைஃபைல இருக்கு, கம்ப்யூட்டர் "யாராவது இருக்கீங்களா"ன்னு குரல் குடுக்குது (இதுக்குப் பேரு எம்டிஎன்எஸ்), அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டி அந்தப் பக்கம் போகவே போகாது. ரெண்டுலயும் இன்டர்நெட் வர்றதால யாருக்கும் சந்தேகமே வர்றதில்ல.

சரிபாக்கறது சுலபம். விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் தொறந்து ஐபிகான்ஃபிக்னு இங்கிலீஷ்ல (ipconfig) அடிச்சா ஐபிவி4 அட்ரஸ் வரும், அதான் நெட்வொர்க்ல கம்ப்யூட்டரோட நம்பர், சுருக்கமா ஐபி. போன்ல கூகுள் ஹோம் ஆப்ல அந்த டிவைஸோட செட்டிங்ஸ்குள்ள போனா அதோட ஐபி இருக்கும். ஒண்ணு 192.168.1.ன்னும் இன்னொண்ணு 192.168.0.ன்னும் இந்த மாதிரி வேற வேறயா ஆரம்பிச்சா விஷயம் முடிஞ்சது, உங்க சொந்த ரவுட்டரோட செட்டிங்ஸ்ல போய் அக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் போடாம மோடத்தோட நெட்வொர்க்கையே நீட்டிக் குடுக்கற மோடு) மாத்திடுங்க, ரெண்டும் ஒரே குடும்பமாயிடும். பழைய ரவுட்டர்ல அந்த மோடு இல்லாமலும் இருக்கும், அப்போ கம்ப்யூட்டரையும் டிவைஸையும் ஒரே பெட்டிக்கு (மோடமோ ரவுட்டரோ) கொண்டுவந்துட்டா போதும்.

ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிச்சும் காட்டலைன்னா, கம்ப்யூட்டர்ல விபிஎன் (இன்டர்நெட்ட வேற வழியா சுத்தி அனுப்பற சாஃப்ட்வேர்) ஓடுதான்னு பாருங்க, ஆபீஸ் லேப்டாப்னா பெரும்பாலும் அதான். அப்புறம் விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸ்ல பப்ளிக்னு இருந்தா பிரைவேட்னு மாத்துங்க. டிவைஸ் கெஸ்ட் வைஃபைல இருந்தா வெளிய எடுங்க, விருந்தாளிங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கக் கூடாதுன்னுதான் அத வெச்சிருக்காங்க. ரவுட்டர்ல ஏபி ஐசொலேஷன்னு ஒண்ணு (வைஃபைல இருக்கற டிவைஸுங்க ஒண்ண ஒண்ணு பாக்க விடாத செட்டிங்) ஆன்ல இருந்தாலும் இதே கதி. காஸ்ட் பண்ண குரோம் பிரவுசர்ல போங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல அந்த ஆப்ஷனே கெடையாது, நாள் பூரா தேடாதீங்க.

2013ல வந்த மொத மாடல் இன்னும் சில வீட்டுல ஓடிட்டிருக்கு, வைஃபைல 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை உண்டு, அதுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பேரே அதோட லிஸ்ட்ல வராது. (ரவுட்டர் பேர்ல 5ஜின்னு போட்டிருக்கறதுக்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லீங்க, இதயும் தெனம் ஒருத்தர் கேக்கறார்.)

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க, எடுத்த எடுப்புல ஃபேக்டரி ரீசெட் (எல்லாத்தையும் அழிச்சு புதுசு மாதிரி ஆக்கறது). 2025 மார்ச்ல ரெண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் உலகம் பூரா ஒரே நேரத்துல நின்னுச்சு, உள்ள இருந்த சர்டிபிகேட் (அசல் டிவைஸ்தான்னு காட்டற டிஜிட்டல் அடையாளம்) காலாவதி ஆனதுதான் காரணம், அப்போ கூகுளே ரீசெட் பண்ணாதீங்கன்னு சொன்னாங்க, அவசரப்பட்டவங்கதான் மாட்டிக்கிட்டாங்க.

போன்லயும் வரலைன்னா கரன்ட்டைப் பாருங்க. டிவி யூஎஸ்பில சொருகியிருந்தா சில டிவில பவர் பத்தாது, கூட வந்த அடாப்டர்லயே போடுங்க.

இவ்வளவும் பாத்து வேலைக்காகலைன்னா தாராளமா கொண்டு வாங்க, ஆனா வெறும் டிவைஸை மட்டும் பாக்கெட்ல போட்டுட்டு வராம அடாப்டரையும் அந்த ஐபி நம்பர் ரெண்டையும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதி எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவு.