டிஸ்கைப் பெரிதாக்காதீர்கள், வகையை மாற்றுங்கள்: பால் சங்கங்களின் கணினிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தின் எல்லைப் பக்கப் பால் சங்கங்களில் கணினி பார்க்கும் பணியாளர்கள் எழுதுகிறோம். தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்கே தமிழில் எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டு கேரள அலுவல் மொழிச் சட்டம் சொல்கிறது. நம் சங்கங்களின் குழுவுக்குத் தமிழில் எழுதுவதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

திங்கட்கிழமை காலை பால் எடுக்கும் நேரத்தில் சர்வர் மந்தமாகி, பதிவு ஏறாமல் சங்க வாசல்களில் வரிசை நின்றது தங்களுக்குத் தெரியும். அன்று மாலையே குழு கூடி, அமேசான் கிளவுடில் (ஏடபிள்யூஎஸ்) நம் பால் பதிவுகளின் டேட்டாபேஸ் இருக்கும் 100 கிகாபைட் டிஸ்கை 1000 கிகாபைட்டாகப் பெரிதாக்கலாம் என்று முடிவெடுத்ததும் எங்களுக்குத் தெரிய வந்தது. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதால்தான் இந்த மடல். தயவுசெய்து டிஸ்கைப் பெரிதாக்காதீர்கள். அதன் வகையை மாற்றுங்கள். ஜிபி2 என்ற பழைய வகையில் இருப்பதை ஜிபி3 என்ற புதிய வகை ஆக்குங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். ஏன் கேட்கிறோம் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

ஜிபி2 வகை டிஸ்கில் வேகம் அளவோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கிகாபைட்டுக்கு நொடிக்கு 3 வாசிப்பு அல்லது எழுத்து; இதைத்தான் ஐஓபிஎஸ் என்கிறோம். 100 கிகாபைட் என்றால் 300 ஐஓபிஎஸ். இதற்கு மேல் தேவைப்படும்போது 3000 வரை தாவ டிஸ்க் அனுமதிக்கும், ஆனால் அது கடன் கணக்கு. ஒவ்வொரு டிஸ்குக்கும் 54 லட்சம் கிரெடிட் (ஒரு வாசிப்பு அல்லது எழுத்துக்கு ஒரு கிரெடிட்) கொள்ளும் ஒரு வாளி உண்டு. முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 3000 செலவாகும், 300 வரவாகும், ஆக 2700 குறையும். 54 லட்சத்தை 2700ஆல் வகுத்தால் 2000 நொடி, அதாவது 33 நிமிடம். வாளி காலியானால் 300தான் கிடைக்கும். மறுபடி நிரம்ப, டிஸ்கை யாரும் தொடாமல் இருந்தாலே 5 மணி நேரம் ஆகும்.

இப்போது நம் சர்வரின் நாளைப் பாருங்கள். அதிகாலை 3.30க்கு முழு பேக்கப்பும் அன்றைய அறிக்கைகளும் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன. 4 மணி தாண்டியதும் வாளி காலி. மிச்ச வேலை 300 வேகத்தில் இழுத்துக்கொண்டு 4.45க்கு முடிகிறது. பால் எடுக்கத் தொடங்கும் 5.30 வரை இருப்பது 45 நிமிடம். அதற்குள் சேரும் கிரெடிட் 8 லட்சத்துப் 10 ஆயிரம். எல்லாச் சங்கமும் ஒரே நேரத்தில் பால் எடுக்கும்போது சுமார் 900 ஐஓபிஎஸ் தேவைப்படுகிறது என்று அமேசானின் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்ச் காட்டுகிறது. நொடிக்கு 600 வீதம் குறைந்தால் அந்த 8 லட்சம் இருபத்திரண்டரை நிமிடம்தான் தாங்கும். 5.52க்கு டிஸ்க் 300க்கு இறங்கிவிடுகிறது. திங்கட்கிழமை முதல் அழைப்பு வந்தது 5.55க்கு. முந்தைய வாரங்களில் வந்த புகார்களின் நேரத்தையும் எடுத்துப் பாருங்கள், எல்லாம் 6 மணியை ஒட்டித்தான் இருக்கும். நெட்வொர்க் கோளாறு என்று அப்போது பதில் வந்தது. நெட்வொர்க் தினமும் ஒரே நிமிடத்தில் கெடாது.

அந்த நேரத்தில் சொசைட்டி வாசலில் என்ன நடக்கிறது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. பால் ஊற்ற வந்தவர் கேனை மேசையில் வைக்கிறார். மாதிரி எடுத்தாயிற்று, அனலைசரில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பல்லாத திடப்பொருள்) தெரிகின்றன, தராசில் எடையும் தெரிகிறது. சேவ் பொத்தானை அழுத்திய பிறகு திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதிவு ஏறாமல் பாலைத் தொட்டியில் கொட்டக் கூடாது என்பது விதி. கொட்டிய பின் தகராறு வந்தால் காட்டுவதற்கு மாதிரி மட்டும்தான் மிஞ்சும். அவர் நிற்கிறார், பின்னால் வரிசை சாலை வரை நீள்கிறது. கறந்த சூட்டோடு வந்த பால் எவ்வளவு சீக்கிரம் கூலரில் 4 டிகிரிக்கு இறங்குகிறதோ அவ்வளவுக்குத்தான் அதன் தரம். நம் ஊர்ப் பங்குனி, சித்திரையில் அலுமினியக் கேனில் ஒரு மணி நேரம் காத்திருந்த பால் புளிப்பு ஏறித் திரும்பினால், நஷ்டம் இரண்டு மாடு வைத்திருப்பவருக்குத்தான் வருகிறது.

வேறு வழியில்லாமல் கைச்சீட்டு எழுதுகிறோம். பிறகு அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றும்போது 4.1 என்பது 4.7 ஆகிறது, 4.7 என்பது 4.1 ஆகிறது. பத்து நாள் கழித்துப் பட்டுவாடா அன்றுதான் அது தெரிய வருகிறது. வட்டம் சுற்றுகிறதே என்று சேவ் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினால் சில பதிவு இரட்டையாகிறது. அதைவிடக் கெடுதல், டைம்அவுட் ஆன ஒவ்வொரு பதிவையும் மென்பொருள் தானாகவே மீண்டும் அனுப்புகிறது. 300க்கு இறங்கிய டிஸ்கின் முன் 900 வேலை நிற்க, மறுமுறை அனுப்பியவையும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் 6.30க்குக் கூட்டம் குறைந்த பிறகும் வேகம் திரும்புவதில்லை. டிஸ்கின் முன் காத்து நிற்கும் வேலைகளைக் காட்டும் வால்யூம் கியூ லெங்த் என்ற அளவைப் பார்த்தால் அந்தக் குவியல் கண்ணுக்கே தெரியும். பக்கத்திலேயே, வாளியின் மிச்சத்தைக் காட்டும் பர்ஸ்ட் பேலன்ஸ் பூஜ்யத்தில் படுத்திருக்கும்.

இனி குழுவின் முடிவுக்கு வருகிறோம். 1000 கிகாபைட் ஜிபி2 வாங்கினால் 3000 ஐஓபிஎஸ் நிரந்தரமாகக் கிடைக்கும் என்று ஒப்பந்ததாரர் சொன்னது பொய்யல்ல. ஆனால் ஜிபி3 டிஸ்கில் அதே 3000 ஐஓபிஎஸ்ஸும் நொடிக்கு 125 மெகாபைட்டும், அளவு எதுவானாலும், முதல் கிகாபைட்டிலிருந்தே கிடைக்கின்றன. வாளியும் இல்லை, கடனும் இல்லை. மும்பை மண்டல விலையில் ஜிபி2 கிகாபைட்டுக்கு மாதம் 0.114 டாலர், ஜிபி3 0.0912 டாலர். இன்றைய 100 கிகாபைட்டுக்கு நாம் கட்டுவது 11.40 டாலர். குழு முடிவு செய்த 1000 கிகாபைட் ஜிபி2 மாதம் 114 டாலர். அதே 3000 ஐஓபிஎஸ் தரும் 100 கிகாபைட் ஜிபி3 மாதம் 9.12 டாலர். இப்போது கட்டுவதைவிடவும் குறைவு. நம் டேட்டாபேஸ் மொத்தமே 62 கிகாபைட். 1000 கிகாபைட்டில் எதை வைக்கப் போகிறோம்?

இன்னொன்று. இபிஎஸ் என்னும் இந்த அமேசான் டிஸ்கைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அப்படி ஒரு பொத்தானே கிடையாது. ஒருமுறை 1000 ஆக்கிவிட்டால், திரும்பி வரப் புது டிஸ்க் எடுத்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, சர்வீஸை நிறுத்தி மாற்ற வேண்டும். அதனால்தான் அவசரமாக எழுதுகிறோம்.

வகையை மாற்றுவதற்கு சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, டிஸ்கைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்கின் அந்த நேரத்து நகல். பிறகு கன்சோல் என்னும் அமேசான் நிர்வாகத் திரையில் அந்த வால்யூமைத் (டிஸ்கை) தேர்ந்தெடுத்து, மாடிஃபை வால்யூம் போய், வகையை ஜிபி3 என்றும், ஐஓபிஎஸ் 3000, த்ரூபுட் (நொடிக்கு மெகாபைட்) 125 என்றும் கொடுத்து ஒப்புக்கொண்டால் போதும். நிலை மாடிஃபையிங் என்று காட்டி, ஆப்டிமைசிங் ஆகி, கம்ப்ளீட்டட் ஆகும். நடுவில் டிஸ்க் வேலை செய்துகொண்டே இருக்கும். மாற்றம் முடியும்வரை அதே டிஸ்கில் இன்னொரு மாற்றத்தை ஏற்காது, ஆகவே எண்களை முதலிலேயே சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். காலைப் பால் முடிந்து 10 மணிக்கு மேல் தொடங்குவது நல்லது. ஜிபி3 வந்தது 2020 டிசம்பரில். இத்தனை ஆண்டுகளாக நாம் பழைய வகைக்கே கூடுதல் விலை கொடுத்து வருகிறோம்.

அறிக்கை சர்வரின் 500 கிகாபைட் டிஸ்கில் மட்டும் கவனம் வேண்டும். அந்த அளவு ஜிபி2 நொடிக்கு 250 மெகாபைட் வரை தருகிறது. இங்கும் 125 என்றே கொடுத்து ஜிபி3 ஆக்கினால் வேகம் பாதியாகும், மாத இறுதி அறிக்கை இரு மடங்கு நேரம்கூட எடுக்கலாம், பழி ஜிபி3 மேல் விழும். அங்கே த்ரூபுட்டை 250 என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அதில் நிரம்பியிருப்பது 90 கிகாபைட்தான் என்பதால், சாவகாசமாக 150 கிகாபைட் புது டிஸ்குக்கு மாற்றலாம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியை வைத்து ஒருமுறை நகலெடுத்து, சர்வீஸை நிறுத்தி இன்னொரு முறை ஓட்டி விட்டு மாற்ற வேண்டும். எந்த டிஸ்கை எங்கே மாட்டுவது என்று சர்வருக்குச் சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் டிஸ்கின் பெயரை எழுதாமல் அதன் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுத வேண்டும், டிஸ்க் கிடைக்காவிட்டாலும் சர்வர் எழுந்திருக்க நோஃபெயில் சேர்க்க வேண்டும். இந்த மெஷின்களில் டிஸ்குகளின் என்விஎம்இ பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறக்கூடும். பெயரை நம்பி எழுதிய சர்வர் ஒரு நாள் எழுந்திருக்காது.

ஒப்பந்ததாரர் மாற்று யோசனையாகச் சொன்ன 10000 ஐஓபிஎஸ் ஐஓ2 (இன்னொரு அதிவேக வகை) டிஸ்கும் வேண்டாம். டேட்டாபேஸ் ஓடும் நம் எம்5.லார்ஜ் மெஷின் நாள் முழுக்கத் தாங்கக்கூடியது 3600 ஐஓபிஎஸ், நொடிக்குச் சுமார் 81 மெகாபைட். அதற்கு மேல் உச்ச வேகத்தில் போக ஒரு நாளில் 30 நிமிடத்துக்குத்தான் உறுதி. குழாய் அரை அங்குலமாக இருக்கும்போது தொட்டியை எவ்வளவு உயரத்தில் கட்டினால் என்ன?

பணம் ஒழுகும் இடம் வேறு. பழைய சர்வர்களை அழித்தபோது அவற்றின் டேட்டா டிஸ்குகள் தானாக அழியவில்லை. மெஷின் துவங்கும் ரூட் டிஸ்க் மட்டும்தான் வழக்கமாக மெஷினோடு போகும். மூன்று டிஸ்குகள் எதிலும் மாட்டப்படாமல் அவைலபிள் என்ற நிலையில் கிடக்கின்றன, மாதா மாதம் முழு வாடகை ஏறுகிறது. நிறுத்தி வைத்த சோதனை சர்வருக்கும் அப்படியே: மெஷினுக்குக் கட்டணம் இல்லை, டிஸ்குக்கு உண்டு. ஸ்னாப்ஷாட்டுகளை யாரும் அழிப்பதில்லை. பழையதை அழித்தால் புதியது கெட்டுவிடும் என்ற பயம் குழுவில் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். அப்படி ஆகாது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் மாறிய பகுதிகளை மட்டும் சேமித்தாலும், அழிக்கும்போது வேறு எந்த ஸ்னாப்ஷாட்டுக்கும் தேவைப்படாத பகுதி மட்டுமே நீங்கும். ஸ்னாப்ஷாட்டுகளைத் தானாக எடுத்து அழிக்கும் டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜரில் தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 என்று வைத்துவிட்டால், இனி எடுப்பவற்றை அது தானே பார்த்துக்கொள்ளும். தணிக்கைக்கு என்று தனியாக வைக்க வேண்டியதை வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் மூன்று முறை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆங்கிலத்தில் வரும் ஒப்பந்தப் புள்ளியைப் படித்துச் சொல்ல, காலை 5.30க்கு அந்தத் திரையின் முன் உட்காரும் ஒருவரையும் குழு அழைத்ததில்லை. டிஸ்க், மெஷின், பராமரிப்பு என்று போகும் ஒவ்வொரு ரூபாயும் பால் ஊற்றுபவர்களின் கணக்கிலிருந்து போவது. தவிட்டு விலை ஏறிவிட்டது, புண்ணாக்கு விலை ஏறிவிட்டது என்று எங்களிடம் வந்து சொல்பவர்களுக்கு, பயன்படுத்தாத 900 கிகாபைட்டுக்கு வாடகை கட்டுகிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? கோபம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவர்களின் கோபத்தைத் தினமும் வாங்கிக்கொள்வது நாங்கள்தான்.

கேட்க வந்ததைக் கேட்கிறோம். முதலாவது, இன்றே செய்யக்கூடியது, காசே செலவாகாதது: சர்வரின் நேர அட்டவணையான கிரான்டேபில் 3.30 என்று இருக்கும் பேக்கப்பையும் அறிக்கையையும் இரவு 11 மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். 12.15க்கு முடிந்தால், 5.15க்குள் வாளி நிரம்பிவிடும். முழு வாளி, நொடிக்கு 600 குறைந்தாலும் இரண்டரை மணி நேரம், அதாவது 8 மணி வரை தாங்கும். காலைப் பால் அதற்குள் முடிந்துவிடும். மாலைப் பாலுக்கு இது உறுதி தராது, பகலில் யார் என்ன அறிக்கை ஓட்டினார்கள் என்பதைப் பொறுத்து வாளி குறைந்திருக்கலாம். ஆகவே இது தற்காலிகம்தான்.

இரண்டாவது, 1000 கிகாபைட் தீர்மானத்தை நிறுத்தி வைத்து, அந்த 100 கிகாபைட் டிஸ்கை அப்படியே ஜிபி3 ஆக்க அனுமதி கொடுங்கள். பெரிதாக்க வேண்டாம், வகையை மாற்றுங்கள்.

கன்சோலுக்கான அனுமதி எங்களில் யாருக்கும் இல்லை. அதை எங்களுக்குத் தர வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒப்பந்ததாரரின் ஆள் செய்யட்டும். வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு என்று குறித்தால், எண்களைச் சரிபார்க்க எங்களில் இருவர் உடனிருக்கிறோம். மறுநாள் காலை 5.30 முதல் 8 வரை கியூ லெங்த்தைக் குறித்து அன்று மாலையே குழுவுக்கு அனுப்புகிறோம்.

பணிவுடன்,
பால் சங்கக் கணினிப் பணியாளர்கள்,
சிற்றூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்